ஒன்பதாவது வெள்ளி

அப்பாவின் பெயர் சந்தியாகு. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுப்படி 1961-இலிருந்து 1984 வரை அவர் பொறுப்பில் இருந்தது. சொந்த ஊர் ராதாபுரம் பக்கம், தேரி மண். அங்கே மழை இல்லை, இங்கே வேலை இருந்தது. வந்தார். 1985 மார்ச்சில் இறந்தார்.

அவர் தனக்காகக் கேட்டது ஒன்றுதான். நல்ல மரணம். கிடையில் கிடக்காமல் போவது, தூக்கத்தில் போவது என்று மற்றவர்கள் நினைக்கும் நல்ல மரணம் அல்ல. தூக்கத்தில் போவதுதான் அவருக்குப் பெரிய பயம். சாகிற நேரம் தெரிய வேண்டும். சாமியார் வர வேண்டும். பாவங்களை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, நெற்றியிலும் கையிலும் தைலம் பூசி, நாக்கில் நன்மை வாங்கிக்கொண்டு போக வேண்டும். பூசையில் சாமியார் தரும் அப்பத்தை, திவ்ய நற்கருணையை, எங்கள் ஊரில் நன்மை என்றுதான் சொல்வார்கள். நித்தியத்துக்குக் கிளம்புகிறவன் வெறும் வாயோடு போகக்கூடாது என்பது அவர் எண்ணம்.

இந்தப் பயம் பெரியப்பா சாவிலிருந்து வந்தது. பெரியப்பா ராயப்பன் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். 1960 மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பார்க்கப் போயிருந்த அப்பா வித்துராவுக்கு இறங்கி வந்து ஒரு சாமியாரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். வழியில் மண் சரிந்து ஜீப் நின்றுவிட்டது. இருவரும் மழையில் நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது பெரியப்பாவின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். சாமியார் ஜெபம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். இதை அம்மாதான் எனக்குச் சொன்னாள். அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்கப்புறம்தான் முதல் வெள்ளி. இருதய ஆண்டவர் பேரில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை கண்டு நன்மை வாங்க வேண்டும். தொடர்ந்து ஒன்பது மாதம். இடையில் ஒன்று விட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒன்பதையும் முடித்தவர்கள் கடைசி நேரத்தில் பாவமன்னிப்பு, தைலம், நன்மை என்ற தேவதிரவிய அனுமானங்கள் கிடைக்காமல் சாகமாட்டார்கள் என்பது வாக்குத்தத்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டுப்போல முடித்துவிடுவார்கள். நான் பத்து வயதில் முடித்தேன். அம்மா கல்யாணத்துக்கு முன்பே இரண்டு தரம் முடித்தவள். அப்பாவால் முடியவில்லை. காரணம் உப்பு.

ஊரில் உபதேசியார் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஞானோபதேசத்தின்படி, நன்மை வாங்குகிறவன் முந்தின நாள் நள்ளிரவிலிருந்து வாயில் எதையும் போடக்கூடாது. சோறு, மருந்து, பச்சைத்தண்ணீர், எதுவும். பல் தேய்க்கும்போது ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் அன்றைக்கு நன்மை கிடையாது. அப்பாவுக்கு அடுப்பு மூட்டுவது காலை நான்கு மணிக்கு. பூசை ஆறு மணிக்கு. இடையில் சாம்பார் கொதித்துவிடும். உப்புப் பார்க்காமல் எந்தச் சமையல்காரனும் சாம்பாரை இறக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமைகளில் இது இன்னும் மோசம். முதலாளி நெல்லையப்பன் முருக பக்தர். அன்று கடையில் மீனும் கறியும் கிடையாது. சாம்பார்தான் கடையைக் காப்பாற்ற வேண்டும்.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். டீ மாஸ்டர் சொரிமுத்து அம்பாசமுத்திரத்துக்காரர், அப்பாவைவிட இளையவர், எப்போதும் பீடி மணக்கும் வாய். முதல் வெள்ளிகளில் அவர்தான் அப்பாவுக்கு நாக்கு. நான் விடுமுறை நாட்களில் அடுப்படி வாசலில் நின்று இதைப் பார்த்திருக்கிறேன்.

"சொரிமுத்து, இங்க வா. நாக்க நீட்டு."

"என்ன அண்ணாச்சி, எனக்கு நன்மை தரப் போறியளா?"

"வாய மூடுவே. உப்புப் பாரு."

"வாய மூடிக்கிட்டு எப்படிப் பாக்க?" என்று கரண்டியை வாங்கிச் சப்புக்கொட்டுவார். "கொஞ்சம் கொறையுது அண்ணாச்சி."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. மொதலாளி என்னயப் பிடிச்சு ஏசுனாரு."

"என் நாக்கு சொல்லுறதத்தான நான் சொல்ல முடியும்? நம்பிக்கை இல்லன்னா நீரே பாத்துக்கிடும்."

அப்பா இன்னொரு பிடி போடுவார். பீடி குடித்து மரத்த நாக்குக்கு உப்பு எப்போதும் குறைவாகத்தான் தெரியும். அதனால் மாதத்தில் ஒரு நாள் அந்தக் கடையின் சாம்பார் கரிக்கும். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள். சுமடு தூக்குகிற மலையாளி ஒருவர் முதல் வாய் வைத்ததும் அடுப்படியைப் பார்த்துக் கத்துவார்:

"சந்தியாகு அண்ணா, இன்னு ஆத்ய வெள்ளியாணோ? சாம்பாரில கடல் உண்டல்லோ!"

கடை முழுவதும் சிரிக்கும். முதலாளி மட்டும் சிரிக்க மாட்டார்.

"ஒன் ஆண்டவருக்கு என் சாம்பார்தானாடே கெடச்சுது?"

"மாசத்துல ஒரு நாள்தான மொதலாளி."

"அந்த ஒரு நாள்தான் குடிதண்ணிப் பானை பாதியிலேயே காலியாவுது."

ஆனாலும் அவர் தடுத்ததில்லை. ஐந்தே முக்கால் ஆனால் அப்பா இடுப்புத் துண்டை உதறி, முகம் கழுவி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கிளம்புவார். முகம் கழுவும்போது தண்ணீர் உள்ளே போய்விடக்கூடாது என்பதற்காக மூடிய உதடு பூசை முடியும்வரை திறக்காது. யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுவார். வலியசாலை அக்ரகாரத் தெருக்கள் வழியாகப் போனால் எங்கள் வேதக்கோவில் பக்கம். அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வீடு காப்பி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த வாசனையில் அப்பா நடையை எட்டிப் போடுவார். பாவாடையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன்.

1966 டிசம்பரில் ஆரம்பித்த தடவைதான் அவர் அதிக தூரம் போனது. ஜூலையோடு எட்டு முடிந்தது. ஆகஸ்டில் ஒன்பதாவது. அந்த வாரம் ஆடி அமாவாசை. சொரிமுத்து தன் பெயருக்குரிய ஐயனாரைக் கும்பிட மலைக்குப் போய்விட்டார். வேறு யாரையும் நம்பி உப்புப் பார்க்கச் சொல்ல அப்பாவுக்கு மனம் இல்லை. கண்ணளவிலேயே இறக்கிவிடுவதாக முடிவு செய்தார்.

அன்று கோவிலில் நான் அவர் பக்கத்தில் இருந்தேன். நன்மைக்கு எல்லாரும் எழுந்தார்கள். அப்பா எழவில்லை. வரிசையில் இருந்தவர்கள் அவர் காலைத் தாண்டிக்கொண்டு போனார்கள். எனக்குக் காரணம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மத்தியானம் வீட்டில் அம்மா கேட்டாள். அம்மாவின் பெயர் மிக்கேலம்மாள்.

"என்னாச்சு ஒங்களுக்கு?"

"உள்ளங்கையில விட்டு நக்கிட்டேன்."

"தெரிஞ்சா செஞ்சிய?"

"கை தானா போயிட்டு. நாக்குல பட்ட பொறவுதான் நெனப்பே வந்துது."

"ஒரு சொட்டுதான? துப்பியிருக்கலாம்லா?"

"துப்புனேன்." உள்ளங்கையைத் துண்டில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "உப்பு சரியா இருந்துது."

சமையல்காரர்கள் கரண்டியிலிருந்து இடது உள்ளங்கையில் சொட்டு விட்டு நாக்கால் தொடுவார்கள். கேட்டால் செய்யவில்லை என்றுகூடச் சொல்வார்கள். கண் சிமிட்டுவதுபோல அது. அப்பாவின் எல்லா முயற்சிகளும் அந்த உள்ளங்கையில்தான் முடிந்தன. சில தடவை மூன்றாவது மாதத்தில், சில தடவை ஐந்தாவதில். ஒருமுறை இடது கையில் துணி சுற்றிக்கொண்டு சமைத்தார். வலது கையில் விட்டு நக்கினார்.

இவ்வளவும் தேவையே இல்லாமல் நடந்தது. 1964 முடிவிலேயே சட்டம் மாறிவிட்டது. நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை சாப்பிடலாம். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை. நான்கரை மணிக்கு உப்புப் பார்த்தவர் ஆறரை மணிக்குத் தாராளமாக நன்மை வாங்கியிருக்கலாம்.

அவர் காதில் விழாமல் இல்லை. எல்லாரும் அச்சன் என்று கூப்பிடும் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் மலையாளத்தில் அறிவித்தார். அப்பா கேட்டார். அது சீக்காளிகளுக்கும் வயசானவர்களுக்கும் தந்த சலுகை என்று எடுத்துக்கொண்டார். "நமக்கென்ன, கல்லு கணக்கா இருக்கோம்" என்றார். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் உப்புப் பார்த்ததையே பாவமாகச் சொல்லியிருக்கிறார். அச்சன் சிரித்துவிட்டு, "அதொந்நும் பாபமல்ல சந்தியாகு, தைரியமாயிட்டு வா" என்றாராம். தான் சொன்ன தமிழ் அச்சனுக்குப் புரியவில்லை என்று அப்பா முடிவு கட்டினார். காய்கறிச் சந்தையில் பேரம் பேசவும் சண்டை போடவும் அப்பாவிடம் போதுமான மலையாளம் இருந்தது. பாவங்களுக்கு மட்டும் தமிழ்தான் இருந்தது.

1979 தபசுகாலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு சாமியார் வந்து தமிழர்களுக்குத் தியானம் கொடுத்தார். நான் அப்போது எக்ஸ்ரே டெக்னீஷியனாக நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவோடு போயிருந்தேன். முடிந்ததும் அப்பா நேரே சாமியாரிடம் போனார்.

"சாமி, சமையல்காரன் உப்புப் பாத்துட்டு நன்மை வாங்கலாமா?"

"எத்தன மணிக்குப் பாப்பீங்க?"

"நாலரை. அஞ்சுக்குள்ள."

"பூசை எப்போ?"

"ஆறு மணிக்கு."

"தாராளமா வாங்கலாமே."

"சீக்காளிக்கா சாமி?"

"எல்லாருக்கும்தான் ஐயா. ரோமாபுரியில சட்டம் மாத்திப் பதினஞ்சு வருஷமாச்சே. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

அப்பா அவர் முகத்தையே பார்த்தார். தமிழ்ச் சாமி, தமிழில் சொல்கிறார், புரியவில்லை என்று சொல்லிக்கொள்ள இடமில்லை.

"அப்போ நான் வாங்காம விட்ட வெள்ளியெல்லாம்?"

சாமியார் நல்லவர். அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "போனது போகட்டும் ஐயா. இனிமே வாங்குங்க."

வீடு வரும்வரை அப்பா எனக்கு முன்னால் நடந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஒரு பூட்டு திறந்துவிட்டது, இனி ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம் அவர் சொன்னது:

"சாமி சின்னப் பையன். படிச்சிட்டு வந்ததச் சொல்லுதான்."

"அவரு சாமிங்க. அவரவிட ஒங்களுக்குத் தெரியுமா?"

"பழைய சாமிமாரெல்லாம் பொய்யா சொன்னாங்க? அவங்க பட்டினி கெடந்தது பொய்யா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த முதல் வெள்ளியும் சொரிமுத்துதான் உப்புப் பார்த்தார்.

எனக்கு இது விளங்க ரொம்ப நாள் ஆயிற்று. புதிய சட்டம் சரி என்றால், ஆண்டவர் பதினைந்து வருடம் ஒவ்வொரு மாதமும் அவருக்காகக் காத்திருந்தார், அவர் ஒரு சொட்டுச் சாம்பாருக்காகப் போகாமல் உட்கார்ந்திருந்தார் என்று ஆகிவிடும். பழைய சட்டம் சரி என்றால், அந்தப் பட்டினியும் அந்தத் தோல்விகளும் ஒரு காணிக்கை. பழைய சட்டத்தை விட்டால் அவர் கையில் வேறு ஒன்றுமில்லை. அதனால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தத் தியானத்துக்கு முன்பாவது அது அவருக்குத் தெரியாத விஷயம். பின்பு அது தெரிந்தே சுமந்த சுமை.

1984 ஜூனில் இருமலோடு ரத்தம் வந்தது. நெஞ்சுப் படத்தை நானே எடுத்தேன். ஈரம் காயாத படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது வலது நுரையீரலின் மேல்பாகத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. டாக்டர் பார்த்து, ஒரு வருடம் என்றார். கூடினால்.

அப்பா என் மேஜைக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை இன்னும் போடவில்லை.

"அந்த வெள்ளையாக் கெடக்கது என்னது மக்ளே?"

"கட்டிப்பா."

"கெட்டதா?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். அழவில்லை, பெயர் கேட்கவில்லை, மருந்து உண்டா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒம்போது மாசம் கெடைக்குமா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் விரல்களை மடக்கி ஜூலையிலிருந்து எண்ணினார். மார்ச்சில் முடிந்தது. "காணும், போதும்" என்று சொல்லிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன். அந்த மாதமே கடையை விட்டார். நெல்லையப்பன் தடுக்கவில்லை. "இனி எந்தச் சாம்பாரும் ஒன் வழிக்கு வராதுடே" என்றாராம்.

ஆமாம், வரவில்லை. அடுப்படி இல்லாத வெள்ளிக்கிழமைகள் அவருக்கு எளிதாக இருந்தன. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். மாத்திரைகளை முந்தின நாள் இரவிலேயே போட்டுவிட்டு, பூசை முடிந்து வந்து காலை மாத்திரையைப் போடுவார். அம்மா சண்டை போட்டாள். மருந்துக்குத் தடை இல்லை என்று நானும் சொன்னேன். "ஒங்க சட்டம் ஒங்களுக்கு" என்றார். நவம்பரில் கோவிலுக்குப் போக இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. டிசம்பரில் ஆட்டோவில் போனோம். ஜனவரியில் எழ முடியவில்லை.

படுத்துவிட்டவர்களுக்கு முதல் வெள்ளியன்று வீட்டுக்கே நன்மை கொண்டுவரும் வழக்கம் எங்கள் பங்கில் உண்டு. புதிதாக வந்த இளம் அச்சன் ஜனவரியில் வந்தார். அப்பாவின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, தைலமும் பூசினார். பிப்ரவரியிலும் வந்தார். காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். அது எட்டாவது. அன்று அப்பா ரசம் கேட்டார். அம்மா வைத்துக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "பெருங்காயம் எதுக்கு இவ்வளவு? யாருக்கு வாயு?" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு அது.

மார்ச் முதல் தேதி வெள்ளிக்கிழமை. நான் லீவு போட்டிருந்தேன். அப்பாவைத் துடைத்து, வெளுத்த வேட்டி மாற்றி, தலைமாட்டில் சிறு மேஜையில் வெள்ளைத்துணி விரித்து, சிலுவையும் மெழுகுதிரியும் வைத்தோம். ஏழு மணிக்கு அச்சன் வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. வழியில் ஒரு வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கிறார், அச்சன் அங்கே இருக்கிறார் என்று கோவிலிலிருந்து ஆள் வந்து சொன்னார். அப்பா கேட்டார். "பாவம், அவருக்குக் கெடைக்கட்டும்" என்றார். உதட்டை மூடிக்கொண்டார்.

முந்தின இரவிலிருந்து மாத்திரை இல்லை, தண்ணீர் இல்லை. பத்து மணிக்கு இருமல் பிடித்தது. நிற்கவில்லை. உடம்பு வியர்த்துச் சில்லிட்டது, கண் மேலே போய்விட்டது. நான் முதுகைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தேன். நாடி பார்த்தேன். அம்மா அடுக்களைக்கு ஓடி, சீனித்தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்து கரண்டியால் வாயில் விட்டாள். ஒன்று, இரண்டு. விழுங்கினார். இருமல் அடங்கியது. கண் திறந்தார்.

நாக்கை வாய்க்குள் ஒருமுறை சுழற்றினார்.

"என்னத்த ஊத்துன?"

அம்மா டம்ளரைப் பின்னால் மறைத்தாள். கையில் கரண்டி இருந்தது.

"சீனியா?"

"செத்துப் போயிருவியளோன்னு பயந்துட்டேன்."

அப்பா அவளைத் திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மணிச் சத்தம் கேட்டது. அச்சன் வந்துவிட்டார். நாங்கள் முழங்காலில் நின்றோம். அவர் ஜெபத்தைச் சொல்லி, நன்மையைக் கையில் எடுத்துக் குனிந்தார். அப்பா வாயைத் திறக்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார்.

"எந்தா சந்தியாகு அப்பா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அச்சன் தன் மொழியில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "சீனி வெள்ளம் சாரமில்ல. சுகமில்லாத்தவர்க்கு ஒரு நியமவும் இல்ல. வாய் துறக்கூ." பிறகு தமிழில் முயன்றார். "தப்பு இல்ல அப்பா. வாங்கலாம்."

"வேண்டாம் சாமி. இன்னைக்கு ஆகாது."

"அம்மா தந்தது மருந்தல்லே?"

"அடுத்த மாசம் மொதல்லேருந்து ஆரம்பிக்கேன் சாமி."

அச்சன் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்த ஒன்பது இல்லை. நான் அப்பாவின் காதருகில் குனிந்தேன்.

"அப்பா, தமிழ்ச் சாமி சொன்னது ஞாபகம் இருக்குல்லா? வாங்கிக்கோங்கப்பா."

"இருக்கு மக்ளே" என்றார். கண்ணோரத்தில் நீர் இறங்கியது. "எல்லாம் ஞாபகம் இருக்கு."

வாய் திறக்கவில்லை. அச்சன் கொஞ்ச நேரம் முழங்காலில் இருந்து ஜெபித்தார். பிறகு நன்மையைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடி, அப்பாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடியும் வந்தார். அதற்குள் அப்பாவால் எதையும் விழுங்க முடியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்கவில்லை. அதற்கு மூன்று நாள் கழித்து, புதன்கிழமை காலை, அச்சன் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அப்பா போனார்.

ஞானோபதேசத்தின்படி அப்பாவுக்குக் குறை ஒன்றுமில்லை. பாவசங்கீர்த்தனம் செய்திருந்தார். தைலம் பூசியிருந்தது. சாமியார் பக்கத்தில் இருந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் பயந்த சாவு அவருக்கு வரவில்லை. இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் அவருக்கு அது தெரியாது. தான் இன்னும் ஆயத்தமாகவில்லை, ஒன்று குறைகிறது என்று நினைத்துக்கொண்டே போனார். எனக்கு ஆறாதது அது ஒன்றுதான்.

அடக்கத்துக்குச் சொரிமுத்து வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. எல்லாரும் கலைந்த பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்த வருசம் ஆடிக்கு நான் மலைக்குப் போகாம இருந்திருந்தா அண்ணாச்சிக்கு ஒம்போதும் முடிஞ்சிருக்கும்லா?"

"அதெல்லாம் இல்லண்ணே."

"இல்ல, நான் பாத்திருப்பேன். எட்டு மாசமும் நான்தான பாத்தேன்." மூக்கைத் துண்டால் துடைத்தார். "ஒங்க சாமி இதுக்கெல்லாமா கோவிக்கும்? எங்க ஐயனாருன்னா ஒரு கெடா வெட்டிச் சமாதானம் பண்ணிரலாம்."

"கோவிக்காதுண்ணே."

"அண்ணாச்சிகிட்ட யாராவது தெளிவாச் சொல்லியிருக்கலாம்."

சொன்னார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா அழுகை நின்ற பிறகு பேச்சையும் நிறுத்திவிட்டாள். கேட்பது ஒரே கேள்விதான். பாத்திரம் கழுவும்போது கேட்பாள், நான் வேலைக்குக் கிளம்பும்போது கேட்பாள். "பிலோமி, நான் ஊத்தாம இருந்திருந்தா?" ஊற்றாமல் இருந்திருந்தால் அச்சன் வருமுன்பே இறந்திருப்பார் என்று நான் சொல்வேன். நாடி எப்படி இருந்தது என்று விவரமாகச் சொல்வேன். தலையை ஆட்டுவாள். மறுநாள் மறுபடி கேட்பாள்.

ஏப்ரல் முதல் வெள்ளி, பூசை இல்லாத பெரிய வெள்ளியாக வந்தது. அன்று முழுவதும் நாங்கள் சிலுவைப்பாதையில் நின்றோம். மே மாதத்து முதல் வெள்ளியன்று, ஐந்து மணிக்கு முன்பே அடுக்களையில் ஸ்டவ் சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா தலைக்குக் குளித்து, கோவிலுக்குக் கட்டும் சேலை கட்டியிருந்தாள். டம்ளரில் காப்பி. சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"கோவிலுக்குப் போவலியாம்மா?"

"போறேன். குடிச்சிட்டுப் போறேன்."

"சரி."

"ஒரு மணி நேரம் கெடக்குல்லா?"

"கூடவே கெடக்கு."

"நான் குடிச்சிட்டு வாங்குனா எனக்குத் தப்பில்ல. எனக்குத் தப்பில்லன்னா அவருக்கும் தப்பில்ல. அப்படித்தான?"

"அப்படித்தான்மா."

நின்றபடியே குடித்தாள். சூட்டோடு, முழுவதும். அவள் வாழ்க்கையில் பூசைக்கு முன் வாயில் ஒன்றைப் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வா" என்றாள்.

கோவிலில் நடு வரிசையில் உட்கார்ந்தோம். பாட்டுப் படித்தாள். மலையாள ஜெபங்களுக்குத் தமிழில் பதில் சொன்னாள். நன்மைக்கு மணி அடித்தது. எங்கள் வரிசை எழுந்தது. அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சின் விளிம்பைப் பிடித்தாள். எழப்போகிறாள் என்று நான் வழிவிட்டு நின்றேன். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் போக முழங்காலை ஒதுக்கிக்கொண்டாள். நான் திரும்ப உட்கார்ந்தேன். வரிசை முழுவதும் போய் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

வெளியே வந்து சாலைத் திருப்பம் வரை நடந்தோம். அங்கே நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அடுத்த மாசம் குடிக்காம வாரேன்."